வடக்குக் குகைக்கும் தெற்குக் குகைக்கும் சம்பந்தம்

மீன் அறைக்குள் நுழைவதற்கு மூன்று விதிகள். கையைக் கழுவ வேண்டும், செருப்பை மாற்ற வேண்டும், வார்டன் முகத்தில் சம்மதம் தெரிகிற வரை வாசலிலேயே நிற்க வேண்டும். மூன்றாவது விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் முதல் இரண்டை மறந்தவர்கள் உண்டு, மூன்றாவதை மறந்தவர் இதுவரை பிறக்கவில்லை.

வார்டன் என்பது ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். குட்டையான உருவம், உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத குரல். உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த வேலை, உள்ளதைச் சொன்னால், கண்ணில்லாத மீன்களுக்குப் பிரசவம் பார்ப்பது.

"ஊசி போடற டாக்டர்னு நெனச்சுல்ல பொண்ணு எடுத்தேன்" என்று அவளுடைய மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மாமியாருக்கு ஒரு பேக்கரியில் கல்லாவில் வேலை. ரொட்டி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் மருமகளின் மீன்களைப் பற்றித் தெரியும். மகன் பஸ் ஓட்டுகிறான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த மீன்களைப் பற்றி இங்கேயே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆற்றில் வாழ்கிற சின்ன மீன் அது. வெள்ளி மினுமினுப்பு, உருண்டைக் கண்கள், ஒரு இடத்தில் நிற்காத துறுதுறுப்பு. எந்தக் காலத்திலோ வெள்ளத்தோடு போன சில மீன்கள் மலைக்கடியில் இருந்த குகைகளுக்குள் மாட்டிக்கொண்டன. உள்ளே வெளிச்சம் என்ற பேச்சே கிடையாது. அங்கேயே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, தலைமுறை தலைமுறையாக நிறம் போய், கண்ணும் போய்விட்டது. ஆனால் ஜாதி மாறவில்லை. ஆற்று மீனையும் குகை மீனையும் ஒரே தொட்டியில் விட்டால் இன்றைக்கும் குஞ்சு பொரிக்கும்.

இதில் அதிசயம் என்னவென்றால், குகை மீனின் குஞ்சுக்கும் முட்டைக்குள் கண் உருவாகத் தொடங்கும். கிண்ணம் போல ஒரு குழி விழும், அதற்குள் குட்டியாக ஒரு லென்ஸ் உட்காரும். ஆற்று மீன் குஞ்சுக்கு நடப்பதேதான் இதற்கும் நடக்கும். அப்புறம் திடீரென்று லென்ஸ் செத்துப்போகும். லென்ஸ் போனதும் கண்ணின் மற்ற பாகங்களும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சுருங்கும், மேலே தோல் மூடிவிடும். அந்தக் கண், கட்ட ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட வீடு. முட்டை கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் அத்தனையும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஓர் உயிர் உருவாகிற விதம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது, எந்தத் திருப்பத்தில் மாறுகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க வேறு எந்த மீன் இடம் கொடுக்கும்?

வார்டனிடம் இரண்டு குகைகளிலிருந்து வந்த மீன்கள் இருந்தன. ஒன்று வடக்குக் குகை, இன்னொன்று தெற்குக் குகை. பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. வெளிர் ரோஜா உடம்பு, மூடிய முகம். பெற்ற தாய் வந்தாலும் அடையாளம் சொல்ல முடியாது. அதனால் தொட்டிகளில் டேப் ஒட்டியிருந்தார்கள். பேனாவில் எழுதினால் ஈரத்தில் இரண்டே நாளில் அழிந்துவிடும் என்பதால் எழுத்து இல்லை, நிறம் மட்டும்தான். வடக்குக்கு வெள்ளை டேப், தெற்குக்குச் சிவப்பு டேப். இரண்டையும் கலக்காமல் காப்பதுதான் வார்டனின் வேலை, கொள்கை, பெருமை எல்லாம்.

அதற்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவர் பேராசிரியர். ஆய்வுக்கூடமே அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்லும், அவர் காதில் விழாமல். சட்டம் சின்னது: சந்தேகம் வந்தால் தொட்டியைக் காலி செய். ஒரு தொட்டியில் வேற்று மீன் புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால் போதும், அந்த வரிசையில் உள்ள அத்தனை மீனும் போக வேண்டும். அழுது புரண்டாலும் அவர் மசிய மாட்டார். பக்கத்து அறையில் வரிமீன் வளர்க்கிற ஆராய்ச்சிக்காரர் ஒரு தடவை அழுதே பார்த்தார். பெரியவர் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, தொட்டியைக் காலி செய்யச் சொன்னார்.

ஆக, அந்தக் காலையில் வடக்குக் குகைக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்ற உட்கார்ந்த வார்டன், தட்டில் ஒரு குஞ்சு தன் பக்கம் திரும்பியபோது மூச்சுவிட மறந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. குஞ்சுக்குக் கண் இருந்தது.

தூசி என்று நினைத்து மைக்ராஸ்கோப்பின் லென்ஸைத் துடைத்தாள். பிறகு தன் கண்ணைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். கறுப்பாக, உருண்டையாக, நடுவில் பளிச்சென்று ஒரு கண்மணியோடு, இந்த வயதில் தோல் மூடியிருக்க வேண்டிய இடத்தில் கண் திறந்திருந்தது. தட்டில் இன்னும் சிலவற்றுக்கும் அப்படியே. மற்றவை வழக்கம்போல மூடிய முகம்.

கண்ணுள்ள குஞ்சு என்றால் கண்ணுள்ள அப்பனோ அம்மாவோ இருக்க வேண்டும். எங்கிருந்தோ ஓர் ஆற்று மீன் வடக்குக் குகைத் தொட்டிக்குள் புகுந்திருக்கிறது. வேறு என்ன நினைக்க முடியும்? பெற்றோர் தொட்டிக்கு ஓடிப்போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மீனாகப் பார்த்தாள். ஒன்றுக்காவது கண் இருக்க வேண்டுமே! ஒன்றுக்கும் இல்லை. அத்தனையும் நல்ல குலத்தில் பிறந்த குருட்டு மீன்கள்.

அவள் கையில் டிராப்பர் இருந்தது. அந்தக் குஞ்சுகளை உறிஞ்சிச் சாக்கடையில் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று அவளுக்கு உடனே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது உண்மை. வடக்கு வரிசை போனால் அவளுடைய ஆராய்ச்சி போகும், ஆராய்ச்சி போனால் அதை நம்பிக் கொடுத்த வேலையும் போகும். இத்தனை வருஷம் கழித்து முதல் முட்டையிலிருந்து தொடங்க யார் அவளுக்கு இடம் கொடுப்பார்கள்? டிராப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவருக்குப் போன் செய்தாள். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று வெளியூர் போயிருந்தார்.

"சார், வடக்குக் குஞ்சுல சிலதுக்குக் கண்ணு இருக்கு."

போனில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. பெரியவர் அதையும் தாண்டிக் கேட்டார்: "சட்டம் என்ன?"

"சந்தேகம் வந்தா காலி."

"தெரியுதில்ல? அப்புறம் எனக்கு எதுக்கு போன்?"

"சார், நீங்க வந்து ஒரு தடவ பாத்துடுங்க. அது வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் நானே கொட்டிடறேன்."

குழந்தை இன்னொரு தடவை வீறிட்டது. அந்த அழுகைதான் அவளைக் காப்பாற்றியது என்று பிற்பாடு சொல்லிக்கொள்வாள். "திங்கக்கிழம வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது புருஷன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "பூட்டுன ரூமுக்குள்ள ஆத்து மீன் எப்படி வரும்? டிக்கெட் எடுத்துட்டு வந்துச்சா?"

மாமியாருக்கு வேறு சந்தேகம். "கண்ணில்லாத புள்ளைங்களுக்குக் கண்ணு வந்துருக்கு. நல்லதுதானேடி? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"அத்தை, உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"சொல்லித்தான் பாரேன்."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். படுத்தால் தூக்கம் வர வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை தீனி போட வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு மீன் அறைக்குப் போனாள். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்குக்கும் ஒரு கதை உண்டு. இந்த மீன்கள் இருட்டில்தான் முட்டையிடும். வருஷக்கணக்காக அவள் ராத்திரி முழுவதும் விழித்து முட்டை பொறுக்கியிருக்கிறாள். பஸ்காரப் புருஷன் வீட்டுக்கு வருகிற நேரம் இவள் கிளம்புவாள். கடைசியில் பெரியவரிடம் சண்டை போட்டு அறையின் கடிகாரத்தையே தலைகீழாக்கினாள். ஊருக்கு ராத்திரி என்றால் அறைக்குள் பளிச்சென்று வெளிச்சம், ஊருக்குப் பகல் என்றால் அறைக்குள் இருட்டு. அந்த இருட்டில் மனிதர்கள் தடுக்கி விழாமல் இருக்க, மீன்களை அதிகம் தொந்தரவு செய்யாத மங்கலான சிவப்பு பல்பு. அதைப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தொட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வடக்கு மீன்கள் தீனியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு தரையை மோந்து மோந்து வந்தன. நாளைக்கு இந்த நேரம் இவை இருக்காது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வார்டன் அழுவதைப் பார்க்க யாரும் இல்லை, மீன்களுக்கும் வசதி இல்லை. நன்றாக அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தக் கைக்குட்டையை எடுத்தாள்.

கைக்குட்டை கட்டமே இல்லாமல் ஒரே நிறமாக இருந்தது. காலையில் எடுத்து வந்தது வெள்ளையில் சிவப்புக் கட்டம் போட்டது. புருஷன் கைக்குட்டையை மாற்றி எடுத்து வந்துவிட்டோமோ என்று வெளியே வந்து பார்த்தாள். கட்டம் இருந்தது. உள்ளே போனாள். கட்டத்தைக் காணோம். வெளியே வந்தாள், இருந்தது. நாலாவது முறை கதவைத் திறந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்புதான், சிவப்பும் சிவப்புதான். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அவள் மெதுவாகத் தலையைத் தூக்கித் தொட்டிகளின் டேப்பைப் பார்த்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எல்லாத் தொட்டியிலும் ஒரே நிற டேப்.

பெரிய விளக்கைப் போட்டாள். மீன்களுக்கு நடுராத்திரியில் திடீரென்று விடிந்தது. டேப்கள் வெள்ளையும் சிவப்புமாகப் பிரிந்து நின்றன. முட்டைக்காக விடுவதற்கு முன்னால் பெண் மீன்களையும் ஆண் மீன்களையும் தனித்தனித் தொட்டியில் வைப்பது வழக்கம். வடக்கு ஆண்களின் தொட்டியைப் பார்த்தாள், காலியாக இருந்தது, சரி. வடக்குப் பெண்களின் தொட்டி நிரம்பியிருந்தது. முட்டைக்காக அவள் பெண் மீன்களை எடுத்திருந்தது அதற்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து. அதில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

வடக்கு மாப்பிள்ளைகளுக்குத் தெற்குப் பெண்களைக் கட்டிவைத்திருக்கிறாள்! நாலு பேர் கூடிப் பேசவில்லை, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது.

கண்ணைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற கூட்டம், தன் கண்ணுக்கு என்ன தெரியும் தெரியாது என்று யோசிக்கவில்லை பாருங்கள். வார்டன் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். அழுத கண்ணீர் காய்வதற்குள் வந்த சிரிப்பு. பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. ஏனென்றால் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆற்று மீன் வரவே இல்லை. அப்பனுக்கும் கண் இல்லை, அம்மாவுக்கும் கண் இல்லை. பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

திங்கட்கிழமை பெரியவர் கையைக் கழுவி, செருப்பை மாற்றி, வாசலில் நின்றார். அவள் கைக்குட்டையை நீட்டினாள். அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் முகம் பார்க்க வேண்டிய முகமாக இருந்தது.

"இருபது வருஷமா கண்ணப் பத்திக் கிளாஸ் எடுக்கறேன்" என்றார். "இந்த பல்ப நானே போயி வாங்கிட்டு வந்தேன்."

"சார், ரெண்டு குகையும் தனித்தனியா குருடாகியிருக்கணும். வடக்குல கெட்டுப்போனது ஒண்ணு, தெற்குல கெட்டுப்போனது வேற ஒண்ணு. வடக்குல கெட்டது தெற்குல நல்லா இருக்கு, தெற்குல கெட்டது வடக்குல நல்லா இருக்கு. ரெண்டும் சேந்ததும் புள்ளைக்கு..."

"தெரியும்மா. வேற குகை மீன்கள்ல இப்படி நடந்திருக்குன்னு படிச்சிருக்கேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ரெண்டு குகையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒரே குடும்பமாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். சேத்துப் பாக்கணும்னே தோணல."

அவள் முகம் மலர்ந்தது. அவசரப்பட்டுவிட்டாள்.

"ஆனா சந்தேகம் சந்தேகம்தான். நீ பெண் தொட்டிய மாத்திட்டே. சரி, ஒத்துக்கறேன். அன்னிக்கு வேற எதுவும் நடக்கலைன்னு யார் சொன்னா? கைக்குட்டை வந்து சாட்சி சொல்லுமா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானே மீன் எடுக்கறேன். வெள்ள வெளிச்சத்துல. தொட்டி என் ரூம்ல, சாவி என் பாக்கெட்ல. கண்ணோட குஞ்சு வந்தா வந்தது. வரலைன்னா வடக்கு, தெற்கு ரெண்டையும் காலி பண்ணணும்."

ஒன்று போவதாக இருந்தது, இப்போது இரண்டும் போகும். நியாயம்தான் என்பது வார்டனுக்குத் தெரியும், அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். தெரிந்து என்ன செய்ய?

அன்றைக்கு வீட்டில் அவளாகவே மாமியாரிடம் போய் உட்கார்ந்தாள். "அத்தை, ரெண்டு பேக்கரி இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒண்ணுல மாவு இருக்கு, அடுப்பு ரிப்பேர். இன்னொண்ணுல அடுப்பு இருக்கு, மாவு இல்ல."

"ரெண்டுலயும் ரொட்டி வராது."

"வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டு கடையும் ஒண்ணுதான். ரொட்டி இல்லாத கடை. இப்ப ரெண்டு முதலாளியும் சம்பந்தி ஆயிட்டா?"

மாமியார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இவங்க மாவு, அவங்க அடுப்பு. கடை பிச்சுக்கிட்டு ஓடும்." பிறகு கையைத் தட்டினாள். "அடிப்பாவி, இதத்தான் எனக்குப் புரியாதுன்னு சொன்னியா?"

புருஷன் ஓரமாக நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "எல்லாக் குஞ்சுக்கும் ஏன் வரல?"

"மாவும் அடுப்பும் மட்டும் இல்லைங்க. ஈஸ்ட், தட்டு, ஆளுன்னு நெறைய இருக்கு. கெட்டுப்போனதும் நெறைய. சிலதுக்குத்தான் எல்லாம் கூடி வருது."

"அப்ப பெரியவர் பண்ற கல்யாணத்துல கூடி வரலைன்னா?"

மாமியார் எழுந்துபோய் மூன்று பேருக்கும் டீ போட்டாள்.

பெரியவர் சொன்ன சொல் மாறவில்லை. வடக்கு ஆண், தெற்குப் பெண், அவரே வலை போட்டுப் பிடித்தார். பிடித்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வார்டனிடமும் காட்டி, தொட்டியில் விட்டார். அவர் அறையின் மேஜையில் இருந்த காகிதம், பேனா, கோப்பை எல்லாம் தரைக்கு இறங்கின. முட்டை வந்த அன்று அவர் மகள் வீட்டுக்குப் போன் செய்து, "நம்ம பேத்தி எப்படியிருக்கா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நூறு இருக்கும்" என்றாராம். அவர் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

மைக்ராஸ்கோப்பில் இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். கிண்ணம் விழுந்தது, லென்ஸ் வந்து உட்கார்ந்தது. இதுவரை எல்லாக் குகைக் குஞ்சுக்கும் நடப்பதுதான். இனிமேல்தான் விஷயம். பக்கத்துத் தட்டில் சுத்தமான வடக்குக் குஞ்சுகளும் இருந்தன, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அவற்றின் லென்ஸ் சொல்லிவைத்தாற்போல் சுருங்கத் தொடங்கியது.

"இதுவும் சுருங்கும்" என்றார் பெரியவர், கலப்புத் தட்டைப் பார்த்து.

மறுநாள் வந்து பார்த்தார்கள். பல குஞ்சுகளுக்குச் சுருங்கியிருந்தது. வார்டன் தட்டை மெல்ல நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஓரத்தில் ஒரு குஞ்சு. அதன் லென்ஸ் நேற்றைவிடப் பெரிதாக, மழைத்துளி போலத் தெளிவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் நாற்காலியை விட்டு எழுந்து பெரியவருக்கு இடம் கொடுத்தாள். அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"சார்?"

"இரும்மா."

"சார், இருக்கா?"

"இரு. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

பிறகு நிமிர்ந்து, "இருட்டு ஒண்ணுதான்" என்றார். "குருடான வழி வேற வேற." இதை அவர் அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. ஆனாலும் அவருக்குப் பிடிவாதம் விட்டுப்போகுமா? "கண்ணு இருக்கு. சரி. கண்ணு பாக்குதா? சுவத்துல வரைஞ்ச ஜன்னல் மாதிரி சும்மா இருந்தா?"

பார்க்கிற குஞ்சா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கோடு போட்ட உருளை ஒன்றைத் தட்டைச் சுற்றிச் சுழற்றினால், பார்வை உள்ள குஞ்சு கோடுகள் போகிற பக்கமே நீந்தும். அதற்கான கருவி அவர்களிடம் இல்லை. கண்ணில்லாத மீன் வளர்க்கிற இடத்தில் அதை எதற்கு வாங்கி வைப்பார்கள்? வரவழைக்கலாம் என்றார் பெரியவர். அது வந்து சேருகிற வரை தனக்கு உயிர் இருக்குமா என்று வார்டன் நினைத்துக்கொண்டாள்.

குஞ்சுகள் நன்றாக நீந்தத் தொடங்கிய நாள் அது. பெரியவர் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டையில் மேஜையைச் சுற்றி நடந்தபடியே எந்தக் கருவி, எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார். வார்டன் தட்டைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் போனார். கண்ணுள்ள குஞ்சுகள் இந்தப் பக்கம் போயின.

"சார், அப்படியே அந்தப் பக்கம் நடங்க."

"எதுக்கு?"

"நடங்களேன்."

நடந்தார். குஞ்சுகளும் திரும்பி நீந்தின. பக்கத்துத் தட்டில் சுத்தமான வடக்குக் குஞ்சுகள் தங்கள் பாட்டுக்கு இருந்தன, யார் எந்தப் பக்கம் போனால் எங்களுக்கென்ன என்று.

"இந்தப் பக்கம் வாங்க சார். சீக்கிரம். இப்ப அந்தப் பக்கம்."

அறுபது வயதுப் பேராசிரியரை அவள் அந்த மேஜையைச் சுற்றி எத்தனை முறை நடக்கவிட்டாளோ! மூச்சு வாங்க நின்றவரிடம் அடுத்ததாக ஒன்று சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் வேலை அன்றோடு போயிருக்கும்.

"சட்டையக் கழட்டுங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார்.

அடி உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்கும். அதன் உட்புறத்தில் சட்டையைச் சுற்றி, துணி கிளிப் மாட்டி, தரையில் இறக்கிவைத்த இரண்டு தட்டுகளையும் சுற்றிக் கவிழ்த்தார்கள். பெரியவர் பனியனோடு முழங்காலில் உட்கார்ந்து வாளியைச் சுழற்ற, வார்டன் மேலேயிருந்து குனிந்து கத்தினாள்: "வருது! வருது சார்! மாத்திச் சுத்துங்க! திரும்புது!" இடமாகச் சுழற்றினால் இடமாக, வலமாகச் சுழற்றினால் வலமாக. கண்ணில்லாத அப்பன் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் பெரியவரின் சட்டையைத் துரத்திக்கொண்டு வட்டமடித்தன.

சத்தம் கேட்டு வரிமீன்காரர் கதவைத் திறந்தார். பனியனில் மண்டியிட்டிருந்த பேராசிரியரையும் குதித்துக்கொண்டிருந்த வார்டனையும் பார்த்தார்.

"சார்... ஏசி ரிப்பேரா?"

"வாய மூடிட்டு வந்து வாளியப் புடி" என்றார் பெரியவர். "எனக்கும் பாக்கணும்."

அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வரிமீன்காரரும் பார்த்தார். கடைசியில் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு, பெரியவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வார்டன் சாவியை எடுத்துக்கொண்டாள். "சார், மீன் ரூம்ல இருக்கிற மொத பேட்ச்?"

"சந்தேகம் இருக்கா உனக்கு?"

"இல்ல சார்."

"எனக்கும் இல்ல. போயி அதுங்களுக்குத் தீனி போடு. நாளைக்கு வந்து உக்காந்து எழுதணும். ரெண்டு குகைய வெச்சு நீ ஆரம்பிச்ச வேலைய இனிமே நிறுத்த முடியாது, தெரியுமில்ல? ஒவ்வொரு குகைலயும் என்ன கெட்டுச்சுன்னு தேடணும். வருஷக்கணக்குல ஆகும்."

"ஆகட்டும் சார்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அளக்க அந்த ஆய்வுக்கூடத்தில் கருவி கிடையாது.

மீன் அறையில் போய் வெள்ளை விளக்கைப் போட்டாள். சிவப்பு பல்பை அந்தத் திங்கட்கிழமையே கழற்றிவிட்டார்கள். முதலில் பிறந்த குஞ்சுகள் இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தன. தீனியை எடுத்துக்கொண்டு தொட்டி அருகே குனிந்தாள். மூடிய முகத்துக் குஞ்சுகள் வழக்கம்போலத் தண்ணீரின் அசைவைப் பிடித்துக்கொண்டு அவள் கைப்பக்கம் வந்தன. கண்ணுள்ள ஒன்று மட்டும் நேராக வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவள் முகத்தைக் கண்டது. ஒரு கணம் அப்படியே நின்றது. அடுத்த கணம் விழுந்தடித்துக்கொண்டு குழாய்க்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

அவள் போனை எடுத்தாள். பேக்கரியில் கூட்ட நேரம் என்பது தெரிந்தும் எடுத்தாள்.

"அத்தை! ஒருத்தன் என்னப் பாத்து பயந்து ஓடிட்டான்!"

"உன்னப் பாத்து பயப்படாதவங்க யாருடி இருக்கா?"

"மீனு அத்தை. என் மீனு." அவளுக்குக் குரல் உடைந்தது. "இத்தன வருஷத்துல ஒண்ணுகூட என்னப் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் பாத்துது."

அந்தப் பக்கம் சில்லறை கொட்டுகிற சத்தமும் யாரோ ரொட்டி கேட்கிற சத்தமும் கேட்டன.

"அழுத மூஞ்சியோட நிக்காதே" என்றாள் மாமியார். "மொதத் தடவ பாக்கறான். போயி மூஞ்சி கழுவிட்டு வந்து நில்லு."

வார்டன் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.